ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிக்குக் குடிபெயரும்போது ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஏற்ற பள்ளியைத் தேர்வு செய்தல்

பணி நிமித்தமாக ஓசூர், சூளகிரி, பர்கூர் ஆகிய தொழிற்பகுதிகளுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் வழக்கமாக முதலில் வீட்டைப் பார்க்கின்றன. பின்னர் அருகிலுள்ள பள்ளியைத் தேடுகின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தையின் குடும்பம் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. பள்ளி, பயிற்சி, பயணம் ஆகிய மூன்றும் உறுதியான பின்னரே வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தை பழகிய ஒழுங்கைச் சார்ந்து வாழ்கிறது. வீடு, ஆசிரியர், பேசும் மொழி, பயிற்சியாளர் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் மாறும்போது, முயன்று கற்ற திறன்கள் சில பின்னடைவு அடையலாம். பொருந்தாத பள்ளியில் சேர்த்துவிட்டுச் சில மாதங்களில் மீண்டும் மாற்றுவது அந்தப் பின்னடைவை இரட்டிப்பாக்கும். இக்கட்டுரை, முதல் முறையிலேயே பொருத்தமான பள்ளியைத் தேர்வு செய்யப் பெற்றோருக்கும் பராமரிப்பாளருக்கும் உதவும் நோக்கில் எழுதப்பட்டது.

நல்ல பள்ளிப் பகுதி என்று ஒன்று உண்டா?

அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிர்வாகக் குழுவும் நிதியும் கொண்ட பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அங்கு வசிப்பிடமே பெரும்பாலும் பள்ளியைத் தீர்மானிக்கிறது. நம் நாட்டில் அத்தகைய அமைப்பு இல்லை. எனவே "எந்த ஊர் நல்லது?" என்று கேட்பதைவிட, "எந்த வட்டாரத்தில், எந்தப் பள்ளியில், யார் என் குழந்தைக்குக் கற்பிப்பார்?" என்று கேட்பதே பயன் தரும்.

தமிழ்நாட்டில் உள்ளடக்கிய கல்விக்கான உதவிகள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார அளவில் வழங்கப்படுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி, வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், மத்தூர், ஊத்தங்கரை என 10 வட்டாரங்கள் உள்ளன. தாங்கள் பார்க்கும் வீடும் பள்ளியும் எந்த வட்டாரத்தில் அமைந்துள்ளன என்பதை முதலில் அறிந்துகொள்ளவும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. ஒரே மாவட்டம் என்பதால் எல்லா உதவிகளும் அருகிலேயே கிடைக்கும் என்று கருதக்கூடாது.

சட்டம் உறுதி செய்யும் உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அங்கீகரித்துள்ள 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. அரசு ஆவணங்கள் சிலவற்றில் இது "புறஉலகச் சிந்தனையின்மை" என்று குறிக்கப்படுகிறது. பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியவை:

• அரசு நிதி பெறும் பள்ளிகளும், அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 16).

• 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை உண்டு (பிரிவு 31).

• தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உதவி, இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களைச் செய்வது அரசின் கடமைகளுள் ஒன்றாகும் (பிரிவு 17).

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இடம்பெயரும் குடும்பங்களுக்கு மேலும் சில பாதுகாப்புகளை அளிக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்ற காரணத்தைக் கூறி, தொடக்கக் கல்வி பயிலும் குழந்தைக்கு அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. கல்வியாண்டின் இடையில் வந்தாலும் சேர்க்கை உண்டு. சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் போன்றவை நடத்துவதையும், நன்கொடை பெறுவதையும் இச்சட்டம் தடை செய்கிறது. உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் தடை செய்யப்பட்டுள்ளன.

சிறுபான்மையல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கான சேர்க்கையில், 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினராகக் கருதப்படுகின்றனர். இந்த ஒதுக்கீடு நுழைவு நிலை வகுப்பிற்கு மட்டுமே உரியது. நான்காம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ வந்து சேரும் குழந்தைக்கு இது பொருந்தாது.

உரிமை தொடரும்; சேவை தானாகத் தொடராது

கர்நாடகத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வரும் குடும்பங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். தனித்துவ அடையாள அட்டையும் அவ்வாறே. அத்திப்பள்ளியைக் கடந்து ஜூஜூவாடிக்குள் நுழைவதால் அவற்றின் மதிப்பு மாறுவதில்லை. முகவரி மாற்றத்தை மட்டும் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். சிறு வயதில் வழங்கப்பட்ட சான்றில் மறுமதிப்பீட்டுத் தேதி குறிக்கப்பட்டிருக்கலாம். அத்தேதி நெருங்கியிருந்தால் புறப்படுவதற்கு முன்பே மறுமதிப்பீட்டை முடித்துக்கொள்வது நல்லது.

மாறாக, முந்தைய ஊரில் வந்துகொண்டிருந்த சிறப்பாசிரியர், பயிற்சி நேரம், மாநில அரசின் உதவித்தொகை ஆகியவை தாமாகத் தொடர்ந்து வருவதில்லை. அவற்றைப் புதிய ஊரில் மீண்டும் கோரிப் பெற வேண்டும். மாநில அரசின் உதவித்தொகைகளுக்கு அம்மாநிலத்தில் வசிப்பதற்கான சான்று தேவைப்படும். வீடு கர்நாடகத்திலும் பணி ஓசூரிலுமாக வாழத் திட்டமிடும் குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதுவரை சான்றிதழ் பெறாத குழந்தையாயினும் பள்ளியில் சேர்க்கத் தடையில்லை. சேர்க்கையும் சான்றிதழுக்கான விண்ணப்பமும் ஒரே நேரத்தில் நடைபெறலாம். வசிப்பிட மாவட்டத்தின் மருத்துவ அதிகார அமைப்பிடமோ, குழந்தை சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் உரிய அமைப்பிடமோ விண்ணப்பிக்க விதிகள் இடமளிக்கின்றன.

உடன் கொண்டுவர வேண்டிய ஆவணங்கள்

• மாற்றுத்திறனாளி சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டை, மருத்துவ மதிப்பீட்டு அறிக்கைகள்.

• மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பதிவுகள், பள்ளி மாணவர் பதிவு எண். தமிழ்நாட்டில் இது எமிஸ் எண் எனவும், கர்நாடகத்தில் சாட்ஸ் எண் எனவும் வழங்கப்படுகிறது. பிற மாநில மாற்றுச் சான்றிதழில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்கப்படுவதுண்டு. அதனைப் புறப்படும் முன்பே பெற்றுக்கொள்வது அலைச்சலைத் தவிர்க்கும்.

• முந்தைய பள்ளியின் தனிநபர் கல்வித் திட்டம், பயிற்சியாளர்களின் முன்னேற்றக் குறிப்புகள். கன்னடத்தில் உள்ளவற்றுக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சுருக்கம் ஒன்று எழுதி இணைக்கவும்.

• குழந்தையைப் பற்றிய ஒரு பக்க அறிமுகக் குறிப்பு. குழந்தை தன் தேவையை எவ்வாறு தெரிவிக்கிறது, எந்த ஒலி அல்லது தொடுதல் அதற்குத் துன்பம் தருகிறது, கலக்கமுறும்போது எது அமைதிப்படுத்தும், எதில் ஆர்வம் மிகுதி, உணவிலும் கழிப்பறையிலும் எவ்வகை உதவி தேவை என்பனவற்றை எளிய சொற்களில் எழுதவும். புதிய ஆசிரியர் முதல் நாளிலேயே படிக்கக்கூடிய ஆவணம் இதுவே.

மொழி குறித்த முடிவு

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் இப்பகுதியில் கலந்து புழங்குகின்றன. மாவட்டத்தில் தமிழ் வழிப் பள்ளிகளுடன் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் உள்ளன. குழந்தை எந்த மொழியில் கட்டளைகளைப் புரிந்துகொள்கிறது, எந்த மொழியில் தன் தேவையைக் கூறுகிறது என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டு, அம்மொழி பேசும் ஆசிரியர் உள்ள பள்ளிக்கு முன்னுரிமை அளிக்கவும். இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே, பள்ளிக்காக வீட்டு மொழியைக் கைவிட வேண்டிய தேவை இல்லை.

உயர் வகுப்பு மாணவருக்கு மொழிப் பாடம் முக்கியமான கேள்வியாகும். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 இன்படி மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் 10 ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாக உள்ளது. தமிழ் எழுத்தை அறியாத குழந்தை எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ வந்து சேரும்போது, மொழிப்பாட விலக்கு குறித்துச் சேர்க்கை நாளிலேயே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேட்கவும். பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கான கோரிக்கை, பள்ளியின் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திற்கு உரிய காலத்தில் சென்றடைய வேண்டும். தேர்வு நெருங்கிய பின் கேட்பது பயன் தராமல் போகலாம்.

வட்டார வள மையத்தை அணுகுதல்

பள்ளிகளைப் பார்ப்பதற்கு முன்பே, தெரிவு செய்துள்ள வட்டாரத்தின் வள மையத்திற்கு ஒருமுறை நேரில் செல்லவும். உள்ளடக்கிய கல்விக்கான சிறப்பாசிரியர்கள் இம்மையங்களிலிருந்தே பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அங்குக் கேட்டறிய வேண்டியவை:

• இவ்வட்டாரத்தில் எத்தனை சிறப்பாசிரியர்கள் பணியில் உள்ளனர்? ஆட்டிசம் உள்ள குழந்தைகளுடன் பணியாற்றிய அனுபவம் யாருக்கு உண்டு?

• நாங்கள் கருதும் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாட்கள் வருகிறார்?

• பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி போன்றவை மையத்தில் எந்த நாட்களில் நடைபெறுகின்றன?

• அடுத்த மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது?

• ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஏற்கெனவே பயிலும் பள்ளிகள் எவை?

ஐந்தாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரிதும் உதவும். அத்தகைய குழந்தையை ஓரிரு ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் உள்ள பள்ளி, புதிய கட்டடமும் குளிரூட்டப்பட்ட வகுப்பறையும் மட்டும் கொண்ட பள்ளியைவிடப் பொருத்தமாக அமையக்கூடும்.

பள்ளியை நேரில் பார்க்கும்போது

பெயரும் தேர்ச்சி விழுக்காடும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பள்ளி பொருந்துமா என்பதைக் காட்டுவதில்லை. பள்ளி நடைபெறும் வேளையில் சென்று பின்வருவனவற்றைக் கவனிக்கவும்.

ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள் உள்ளனர்? மணி, ஒலிபெருக்கி, அருகிலுள்ள சாலை அல்லது தொழிற்கூடத்தின் இரைச்சல் எவ்வளவு? கலக்கமுற்ற குழந்தை சிறிது நேரம் அமைதியாக அமர இடம் உள்ளதா? கழிப்பறை தூய்மையாகவும் அருகிலும் உள்ளதா? வெளிவாயில் பள்ளி நேரத்தில் மூடப்பட்டு, காவலர் இருக்கிறாரா? பள்ளியில் வழங்கப்படும் உணவு குழந்தைக்கு ஒவ்வாவிட்டால் வீட்டு உணவுக்கு அனுமதி உண்டா?

தலைமையாசிரியரிடம், "இத்தகைய குழந்தை வகுப்பில் அழுது கத்தினால் தாங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கவும். "காரணத்தைக் கண்டறிவோம், பெற்றோரிடம் பேசுவோம், சிறப்பாசிரியரை அழைப்போம்" என்பது நம்பிக்கை தரும் விடை. "உடனே வந்து அழைத்துச் செல்ல வேண்டும்" என்பதே ஒரே விடையாக இருந்தால், இருவரும் பணிக்குச் செல்லும் பெற்றோருக்கு அப்பள்ளி நெடுநாள் நிலைக்காது. பெற்றோரே நாள் முழுவதும் வகுப்பில் உடனிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்படுகிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

தனியார் பள்ளியில் சிறப்பாசிரியர் உள்ளார் எனக் கூறப்பட்டால், அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று அறியவும். 2021 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தொடக்கக் கல்வி நிலையில் 10 சிறப்புத் தேவை மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியரும், அதற்கு மேற்பட்ட நிலையில் 15 மாணவருக்கு ஒருவரும் இருக்க வேண்டும் எனக் கூறியது. சிறப்பாசிரியர் குறித்துக் கேள்வி எழுப்புவது பெற்றோரின் நியாயமான உரிமையே.

எவ்வகைப் பள்ளி?

பேச்சும் தன்செயல் திறனும் ஓரளவு வளர்ந்துள்ள குழந்தைக்கு, சிறப்பாசிரியர் உதவியுடன் கூடிய பொதுப் பள்ளி ஏற்றதாக இருக்கும். அன்றாடச் செயல்கள் அனைத்திலும் தொடர்ந்து ஒருவர் உதவ வேண்டிய குழந்தைக்குச் சிறப்புப் பள்ளியோ, பள்ளி ஆயத்தப் பயிற்சியோ முதற்படியாக அமையலாம். பள்ளிக்குச் செல்ல இயலாத கடும் குறைபாடு உள்ள குழந்தைக்கு வீடு சார்ந்த கல்வியைத் தெரிவு செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு தெரிவு செய்தாலும் அருகமைப் பள்ளியில் பெயர் பதிவு செய்திருக்க வேண்டும். வழக்கமான தேர்வு முறை ஒத்துவராத மாணவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் 10 மற்றும் 12 ஆம் வகுப்புத் தேர்வுகள் மாற்று வழியாகும். இவற்றுள் எதுவும் இறுதி முடிவன்று. குழந்தையின் வளர்ச்சிக்கேற்ப ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யலாம்.

மருத்துவமும் பயிற்சியும்

மாவட்ட அளவில் 18 வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை மதிப்பிட்டு உதவும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவைகள் குறித்து, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டறியவும். நுட்பமான மதிப்பீடு தேவைப்படின், ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில், ஓசூர் சாலையில் அமைந்துள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவத் துறை உள்ளது. செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும் மதிப்பீடு, பயிற்சி ஆகியவற்றை வழங்குகிறது.

பெருநகர மருத்துவமனையில் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மதிப்பீடு செய்துகொண்டாலும், வாராந்திரப் பயிற்சி வீட்டிற்கு அருகில் கிடைப்பதே குழந்தைக்கு நன்மை தரும். நெரிசல் மிகுந்த நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து களைத்துப்போன குழந்தை, முக்கால் மணி நேரப் பயிற்சியில் அதிகம் கற்க இயலாது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வரை மருத்துவப் பாதுகாப்பு அளிக்கிறது. குறிப்பிட்ட வரம்பிற்குள் பயிற்சிச் செலவுகளும் இதில் அடங்கும்.

வீடு, பயணம், பாதுகாப்பு

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலர் எவரும் அறியாமல் வீட்டை விட்டு வெளியேறிவிடுவதுண்டு. தேசிய நெடுஞ்சாலை 44 ஐயும் தொழிற்பேட்டைச் சாலைகளையும் ஒட்டிய குடியிருப்புகளில் கனரக வாகனங்கள் இரவும் பகலும் செல்கின்றன. ஏரிகளும் மூடப்படாத நீர்த்தொட்டிகளும் ஆபத்தானவை. வெளிக்கதவு, மாடிப்படி, சன்னல் ஆகியவற்றைக் குழந்தையின் பார்வையில் சோதித்துப் பார்க்கவும். குழந்தையின் உடையிலோ கைப்பட்டையிலோ பெற்றோரின் கைப்பேசி எண் இருக்கட்டும். அண்டை வீட்டாரிடமும் அருகிலுள்ள கடைக்காரரிடமும் குழந்தையை அறிமுகம் செய்து வைக்கவும்.

தொழிற்சாலைகளில் சுழற்சி முறையில் பணி நேரம் மாறும். இரவுப் பணி வாரத்தில் குழந்தையைப் பள்ளிக்கு யார் அழைத்துச் செல்வது, பயிற்சிக்கு யார் உடன் செல்வது என்பதை முன்னரே தீர்மானிக்கவும். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் செல்லும் துணையாளர் ஒருவரும் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம்.

குழந்தையை ஆயத்தம் செய்தல்

புதிய வீடு, பள்ளி வாயில், வகுப்பறை, ஆசிரியர் ஆகியோரின் படங்களை எடுத்து ஒரு சிறு தொகுப்பாக்கி, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே நாள்தோறும் காட்டவும். இயன்றால் விடுமுறை நாளில் ஒருமுறை, பள்ளி நடைபெறும் நாளில் ஒருமுறை எனக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும். பழகிய தட்டு, போர்வை, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைப் புதிய வீட்டில் முதலில் எடுத்து வைக்கவும். முதல் இரண்டு வாரங்கள் அரை நாள் மட்டும் வர அனுமதிக்குமாறு பள்ளியிடம் கேட்கலாம். உறக்கம், உணவு, நடத்தை ஆகியவற்றில் தொடக்கத்தில் ஏற்படும் மாற்றம் இயல்பானதே. கற்ற சொற்களை இழத்தல், தன்னைத் தானே காயப்படுத்துதல், வலிப்பு போன்றவை காணப்பட்டால் உடனே மருத்துவரை அணுகவும்.

சேர்க்கை மறுக்கப்பட்டால்

"எங்களிடம் வசதியில்லை, வேறு பள்ளியைப் பாருங்கள்" என்ற வாய்மொழி விடையோடு திரும்பிவிட வேண்டாம். விண்ணப்பத்தை எழுத்து மூலம் அளித்து, ஒப்புகை பெறவும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் கேட்கவும். பின்னர் கிருஷ்ணகிரியில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மனு அளிக்கலாம். மாவட்ட ஆட்சியரின் வாராந்திர மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் முறையிடலாம். அதன் பின்னும் தீர்வு இல்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரை அணுகவும். கல்வி தொடர்பான வழிகாட்டலுக்கு 14417, குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098, பராமரிப்பாளரின் மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.

கால வரிசை

மூன்று மாதங்களுக்கு முன்: ஆவணங்களைத் திரட்டுதல், மறுமதிப்பீட்டை முடித்தல், வட்டார வள மையத்தை அணுகுதல்.

இரண்டு மாதங்களுக்கு முன்: இரண்டு அல்லது மூன்று பள்ளிகளை நேரில் பார்த்தல், பயிற்சியாளரிடம் நேரம் உறுதி செய்தல்.

ஒரு மாதத்திற்கு முன்: பள்ளியை முடிவு செய்தல், அதன் பின்னர் வீட்டை உறுதி செய்தல், குழந்தைக்குப் படத் தொகுப்பைக் காட்டத் தொடங்குதல்.

வந்த முதல் மாதம்: சேர்க்கை, முகவரி மாற்றம், தனிநபர் கல்வித் திட்டம் குறித்து ஆசிரியருடன் கலந்துரையாடல்.

பணிமாற்ற ஆணை வந்தவுடன் பணியில் சேர வேண்டிய நிலை பலருக்கு ஏற்படும். அவ்வாறாயின், பெற்றோருள் ஒருவர் முதலில் வந்து பணியில் சேர்ந்து, பள்ளியும் பயிற்சியும் உறுதியாகும் வரை குழந்தை பழைய பள்ளியிலேயே தொடர்வது குறித்து ஆலோசிக்கவும். குடும்பம் சில வாரங்கள் பிரிந்திருப்பது எளிதன்று. ஆயினும் பழைய பயிற்சி நின்று, புதியது தொடங்காத இடைவெளியில் குழந்தை வீட்டில் அமர்ந்திருப்பதைவிட அது மேலானது.